மித்காலிடம் மிச்சமிருந்த ஒரு தலாக்

ஜோர்டானில் எங்கள் கரக் பக்கத்து ஆண்களுக்குத் தலாக் எப்போதும் நாக்கு நுனியிலேயே இருக்கும். விருந்தாளி எழுந்தால் போதும், "என் மேல தலாக், சாப்பிடாம நீ படி இறங்கக் கூடாது!" என்று ஓர் அதட்டல், மீறினால் சொன்னவன் பெண்டாட்டிக்கு விவாகரத்து என்று அர்த்தம். தக்காளி பேரம் படியாவிட்டால் ஒரு தலாக். பஸ் நிலையத்தைக் கேட்கவே வேண்டாம். ஆள் ஏற்றும் தகராறில் ஒரே காலைப்பொழுதில் அங்கே விழுகிற தலாக்கையெல்லாம் மெய்யென்று எடுத்துக்கொண்டால் கரக்கில் ஒரு பெண்ணும் புருஷன் வீட்டில் குடியிருக்க முடியாது. சொல்கிறவன் மனசில் வைத்துச் சொல்வதில்லை, கேட்கிறவனும் சட்டை செய்வதில்லை.

மித்கால் மட்டும் அந்தச் சத்தியத்தை வாயில் எடுக்கமாட்டார். கரக்கிலிருந்து அம்மானுக்குக் கோஸ்டர் பஸ் ஓட்டியே தலை நரைத்தவர். மற்ற டிரைவர்கள், நாயிஃபின் அப்பா என்று மகன் பேரால் கூப்பிட்டுச் சீண்டுவார்கள். "அபூ நாயிஃப், ஒரே ஒரு தடவை சத்தியம் பண்ணேன்யா, வாய் வெந்தா போயிடும்?" என்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். பெரிய பக்திமான் என்று சிலர் நினைத்தார்கள். பக்தியெல்லாம் எல்லாருக்கும் இருப்பதுதான். அவருக்குக் கையிருப்பு கம்மி, அதுதான் விஷயம்.

ஒரு கல்யாணத்துக்கு மூன்று தலாக்தான் கணக்கு, அதில் இரண்டை அவர் இளவயதிலேயே செலவழித்துவிட்டார். முதலாவது, கல்யாணமான மறுவருடம். மனைவி வத்ஹா, போகாதே என்று அவர் சொல்லியும் கேட்காமல் தன் அண்ணன் ஹாயிலின் கல்யாணத்துக்குப் போய் நாள் கணக்கில் தங்கிவிட்டாள். வீம்பில் ஆள் மூலம் தலாக்கைச் சொல்லியனுப்பினார். மூன்று மாதக் காத்திருப்புக் காலமான இத்தா முடிவதற்குள் அவரே போய்த் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்று அழைத்துவந்தார். இரண்டாவது, மாமியாருக்கும் மருமகளுக்கும் நடந்த சண்டையின் நடுவில். என்ன சண்டை என்பது இப்போது புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்குமே நினைவில்லை. அதையும் இத்தாவுக்குள் திரும்பப் பெற்றார். அப்போது பள்ளிவாசல் இமாம் அவரைத் தனியே கூப்பிட்டு, "இனி உங்கிட்ட ஒண்ணுதான் இருக்கு, மித்கால். அதையும் சொன்னா அவ உனக்கு அந்நியப் பெண். அப்புறம் நீ தலைகீழா நின்னாலும் நடக்காது" என்றார்.

அதன் பிறகு அவர் கோபம் வந்தால் வீட்டில் நிற்கமாட்டார். ஜனவரிப் பனியில் மேல்கோட்டுகூடப் போடாமல் வெளியேறி, கோட்டைச் சுவரையொட்டி நடந்து, கோபம் இறங்கிய பிறகுதான் திரும்புவார். வத்ஹாவும் லேசுப்பட்டவள் இல்லை, நாக்கில் மிளகாய் அரைப்பவள்தான். ஆனால் அவர் முகம் ஒரு மாதிரி ஆவதைக் கண்டால் பாதிச் சண்டையில் வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அந்த ஒரு சொல்லைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதே கிடையாது. வீட்டில் ஒரு மூலையில் அது பாட்டுக்கு இருந்தது. அதற்குப் பயந்தே முப்பது வருடம் ஒழுங்காகக் குடித்தனம் நடந்தது. சொல்லாமல் இருப்பதற்காக ஒரு மனுஷன் பனியில் நனைகிறானே என்று நினைக்கும்போதெல்லாம் வத்ஹாவுக்கு அவர்மேல் ஆசையாக இருக்கும். ஆசை என்ற சொல்லை அவள் அண்ணன் கேட்டால் சிரிப்பான். ஆனால் அது ஆசைதான்.

நோய் அவருடைய வலதுகைக் கட்டைவிரலில் ஆரம்பித்தது. சும்மா வைத்திருக்கும்போது ஜபமாலை உருட்டுகிற மாதிரி விரல் தானாக ஆடும். அதை யாரும் பெரிதாக எண்ணவில்லை, அவர் போன ஒரு துக்க வீட்டில் அந்தக் காப்பிக் கூத்து நடக்கும் வரை.

பந்தலில் காப்பி ஊற்றுகிறவன் வரிசையாக வருவான். சின்னக் கிண்ணத்தில் ஒரு வாய் ஊற்றுவான். குடித்துவிட்டுக் கிண்ணத்தை லேசாக ஆட்டினால் போதும் என்று அர்த்தம், வாங்கிக்கொண்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவான். ஆட்டாதவரைக்கும் ஊற்றிக்கொண்டே இருப்பான். மித்காலின் கை ஆடியது. உதட்டில் வைப்பதற்கு முன்பே கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டான். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். "அபூ நாயிஃபுக்கு வாசனையே போதுமாம்" என்றான் ஒருவன். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இவரும் சேர்ந்து சிரித்தார். அடுத்த வாரம் இன்னொரு பந்தலிலும் அதேபோல் ஆயிற்று. அதற்கடுத்த அழைப்புக்கு அவர் போகவில்லை. கல்யாணம், துக்கம், சமரசக் கூட்டம் எதற்கும் போகவில்லை. எங்கள் ஊரில் ஓர் ஆண் பந்தலுக்குப் போகாமல் இருப்பதும் உயிரோடு இல்லாமல் இருப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பஸ்ஸை விற்றார்கள். அவர் வரவேற்பறை மெத்தையில் சுவரைப் பார்த்தபடி உட்கார ஆரம்பித்தார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. யாரோ துணி போட்டு மூடிவிட்ட மாதிரி இருந்தது. பார்க்க வந்தவர்கள், நம்மைக் கண்டு முகம் கொடுக்கவில்லை, பஸ் விற்ற பணத்தின் திமிர் என்று பேசிக்கொண்டு போனார்கள். குரலும் தேய்ந்துவிட்டது. நாலு பஸ் நின்றாலும் "அம்மான், அம்மான்" என்று அவர் போடுகிற சத்தம்தான் தனியாகக் கேட்கும் என்பார்கள். இப்போது அவர் தண்ணீர் கேட்டால் வத்ஹா காதைக் கொண்டுபோய் உதட்டுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியிருந்தது.

"எதுக்கு உசுரோட இருக்கேன்னு தெரியல" என்றார் ஒருநாள்.

"நீங்க போயிட்டா நான் யாருகூட சண்டை போடறது?" என்றாள் வத்ஹா. சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதாள். எதிர்வீட்டு உம்மு ஜிர்யிஸ் அதைக் கண்ணேறு என்றாள். சர்ச்சில் அவருக்காக மெழுகுவத்தி ஏற்றினாள். ஹாயில் ஒரு ஷேக்கைக் கூட்டிவந்து ஓதித் தண்ணீர் தெளித்தான். சோகத்துக்கு எந்த மதத்து மருந்தும் கேட்கவில்லை.

பிறகு அம்மானில் மூளை நரம்பு டாக்டரம்மாவைப் பார்த்தார்கள். பார்க்கின்சன் என்று சொன்னாள். சோகமும் அந்த நோயோடேயே வருவதுதான் என்று அதற்கும் ஒரு மாத்திரை எழுதினாள். மாத்திரைகள் வேலை செய்தன. கை அடங்கியது, நடை கொஞ்சம் திரும்பியது. இன்னும் நன்றாக நடக்க வேண்டும் என்று இவர் கேட்டுக் கேட்டு அளவைக் கூட்டிக்கொண்டார். ஒவ்வொரு முறையும் டாக்டரம்மா, "இல்லாத ஆள், இல்லாத பூச்சி எதுவும் கண்ணுக்குத் தெரியுதா?" என்று கேட்பாள்.

"நான் என்ன பைத்தியமா?" என்பார் மித்கால்.

டாக்டரம்மா வத்ஹாவைப் பார்ப்பாள். வத்ஹா, "அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர்" என்பாள்.

அது பொய். முதலில் பூனைகள் வந்தன. மெத்தைக்கடியில் சாம்பல் நிறப் பூனை என்றார், அதற்கு ரொட்டி போட்டார். பூனைதானே, போனால் போகிறது என்று வத்ஹாவும் ரொட்டியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒரு மனிதன் வந்தான். அலமாரிக்குப் பக்கத்தில் நிற்பான், பேசமாட்டான், வீட்டுக்குள் செருப்பைக்கூடக் கழற்றமாட்டான். "மரியாதை தெரியாத பய" என்று மித்கால் முணுமுணுப்பார். இதை டாக்டரிடம் சொன்னால் பைத்தியக்காரன் என்று எழுதிவிடுவார்கள். ஸர்க்கா ஊரில் குடியிருக்கும் மகன் நாயிஃபுக்கு மகள்கள் இருக்கிறார்கள், நாளைக்கு அவர்களைப் பெண் கேட்டு வருகிறவன் தாத்தாவை விசாரிப்பான். வத்ஹா எல்லாவற்றையும் மென்று விழுங்கினாள்.

அவன் எதற்காக வருகிறான் என்று மித்கால் யோசிக்க ஆரம்பித்தார். விழித்திருக்கும் நேரமெல்லாம் யோசித்தார். வீட்டில் திருட என்ன இருக்கிறது? வத்ஹாதான் இருக்கிறாள்.

"யாருக்காகக் கண்ணுக்கு மை போட்டிருக்க?"

"கண்ணு வலிக்கு போட்டது. அறுபது வயசுக் கிழவிக்கு எவன்யா வருவான்? வந்தா நீங்களே காப்பி குடுத்து ஒக்கார வைங்க."

முதலில் அவள் சிரித்துத்தான் பார்த்தாள். பிறகு சிரிக்க முடியவில்லை. அவர் தலையணை உறையை முகர்ந்து பார்த்தார். அவள் குப்பை போடப் போய்வந்தால் ஏன் இவ்வளவு நேரம் என்றார். காஸ் லாரியின் மணிப்பாட்டு தெருமுனையில் கேட்டால் அவர் உடம்பு விறைக்கும். சிலிண்டரைத் தோளில் வைத்து மாடிக்குத் தூக்கி வருகிறவன் ஸுஹ்தி. மீசை இப்போதுதான் ஒழுங்காக முளைக்கிற வயசு. நாற்பது வருடம் தன்னோடு படுத்து எழுந்தவர் தன்னைப் பற்றி இப்படி நினைக்கிறாரே என்று அவளுக்கு உடம்பு கூசியது. அந்த அவமானத்தை யாரிடம் போய்ச் சொல்வாள்? சொன்னால், நெருப்பில்லாமலா புகைகிறது என்று கேட்பதற்கும் ஊரில் ஆள் உண்டு.

ஒரு மதியம் சிலிண்டர் தீர்ந்துபோனது. அடுப்பில் தயிர்க்குழம்பு பாதி வெந்து நின்றது. ஸுஹ்தி மேலே வந்து, புதியதை மாட்டி, கசிகிறதா என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். எதிர்வீட்டுக் கதவில் உம்மு ஜிர்யிஸ், "எனக்கும் ஒண்ணு கொண்டா, ஸுஹ்தி" என்று நின்றாள். அப்போது மித்கால் எழுந்தார். எழுவதற்கு எப்போதும் வத்ஹாவின் இரண்டு கையும் வேண்டும். அன்று தானாகவே எழுந்தார், தடுமாறாமல் நடந்து அடுப்படி வாசலுக்கு வந்தார்.

"இவன்தானா?" என்றார்.

ஸுஹ்தி விழித்தான். "மாமா, எனக்கு இன்னும் நிக்காஹ்கூட ஆகல" என்றான் பாவம்.

"வத்ஹா, நீ தலாக்!"

கூவினார். பஸ் நிலையமே திரும்பிப் பார்க்கும் அந்தப் பழைய குரல் அப்படியே வெளியே வந்தது. அந்தக் குரலை ஒருதரமாவது மறுபடி கேட்கமாட்டோமா என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பாள்! அது வந்தது, இதைச் சொல்வதற்காக வந்தது. சொல்லி முடித்ததும் முழங்கால் மடங்கி அவர் நிலைப்படியிலேயே சரிந்தார். பிடிக்கப் போன வத்ஹாவின் கை பாதியில் நின்றுவிட்டது. அந்நிய ஆணைத் தொடலாமா? தோளில் கிடந்த துணியை இழுத்துத் தலைமுடியை மூடிக்கொண்டாள். நாற்பது வருடப் புருஷன் முன்னால் முதல்முறையாக முக்காடு போட்டுக்கொண்டு நின்று, "ஸுஹ்தி, நீ தூக்கப்பா அவரை" என்றாள்.

ஸுஹ்தி தூக்கினான். எவனைச் சந்தேகப்பட்டாரோ அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு மெத்தைக்குப் போனார். வத்ஹா படியைத் தாண்டி எதிர்வீட்டுக்குப் போய் உம்மு ஜிர்யிஸின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எங்க சபையில கல்யாணம்னா ஆணியடிச்ச மாதிரி, ராஜாவே வந்தாலும் புடுங்க முடியாது. உங்காளுங்க வாயத் தொறந்தா முடிஞ்சுது" என்றாள் உம்மு ஜிர்யிஸ். சொல்லிவிட்டு வத்ஹாவின் முகத்தைப் பார்த்ததும் அவளைக் கட்டிக்கொண்டு இவள் முதலில் அழுதாள்.

மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. நாயிஃப் ஸர்க்காவிலிருந்து வந்தான். ஹாயில் வண்டி எடுத்துக்கொண்டு வந்து, தங்கையின் துணிமணியைக் கட்டச் சொன்னான்.

"எல்லார் முன்னாலயும் உன்னை அசிங்கப்படுத்திட்டான். வா வீட்டுக்கு. உன் ரூமு காலியாத்தான் கெடக்கு."

"அவருக்கு மாத்திரை யாரு குடுக்குறது?"

"அவன் மவன் குடுப்பான். இல்ல காசு குடுத்து ஆளு வெப்பான். ஏய், எத்தன வருஷமா நீ தூங்கல? தூக்கத்துல கையக் காலை ஆட்டி உன் கன்னத்துல அடிச்சானே, மறந்துட்டியா? ஆண்டவனே கதவத் தொறந்து விட்டிருக்கான். வெளிய வா."

வத்ஹா உடனே இல்லை என்று சொல்லவில்லை. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அண்ணன் வீட்டு மாடி அறை, யாரும் எழுப்பாத படுக்கை, தலையணையை முகர்ந்து பார்க்க ஆளில்லாத விடியல், எல்லாம் கண்முன் வந்து போயின. அவள் களைத்துப் போயிருந்தாள். ஆனால் தன் வீட்டிலிருந்து வந்த சத்தம் அவளை யோசிக்க விடவில்லை. உம்மு ஜிர்யிஸ் கொடுத்த மாத்திரையை அவர் துப்பிவிட்டார், விஷம் என்றார். நாயிஃப் கொடுத்ததையும் துப்பினார். வத்ஹா முக்காட்டோடு வாசற்படியில் நின்று, "அது மாத்திரைதான், முழுங்குங்க" என்று தூரத்திலிருந்து கெஞ்சினாள். அவர் அவளையே பார்த்தார். சந்தேகப்படுவதும் அவளைத்தான், நம்புவதும் அவளைத்தான். கடைசியில் ஒன்றை விழுங்கினார். மறுநாள் அதுவும் இல்லை. கை கால் மரக்கட்டையாகி, படுத்த நிலையிலேயே கிடந்தார்.

அன்றுதான் நாயிஃப் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டான். வத்ஹா போனை வாங்கி, பூனையிலிருந்து ஆரம்பித்து ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"இத்தன நாளா ஏம்மா சொல்லல? ஒவ்வொரு தடவையும் கேட்டேனே!"

"மானம் போயிடும்னு."

"இதுல மானம் எங்க வந்துச்சு? கை நடுங்கறது நோய்னா இதுவும் அதே நோய்தான். பாதி நோய், பாதி நான் குடுத்த மாத்திரை. பெண்டாட்டிமேல சந்தேகம் வர்றதும் இதுல சேர்த்திதான், நீங்க முதல் ஆளு இல்ல. மாத்திரையைக் கொறைக்கணும், ஆனா கொஞ்சம் கொஞ்சமாத்தான். திடீர்னு நிறுத்தினா உசுருக்கே ஆபத்து. கொறைச்சா புத்தி தெளியலாம், ஆனா ஒடம்பு இன்னும் கட்டிப் போயிடும்."

"ரெண்டும் சேர்ந்து கெடைக்காதா?"

"பாக்கலாம்மா" என்றாள் டாக்டரம்மா. அந்தக் குரலிலேயே பதில் இருந்தது. தலாக் விழுந்ததா இல்லையா என்று மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் முஃப்தி கேட்டால் தானே பேசுவதாகவும் சொன்னாள். நாயிஃபும் உம்மு ஜிர்யிஸும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்ள, தயிரில் குழைத்து ஒருவழியாக மாத்திரையை உள்ளே அனுப்பினார்கள்.

ஃபத்வா அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று முடிவாயிற்று. புத்தி பேதலித்தவன் சொன்ன தலாக் விழாது என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் மித்கால் புத்தி பேதலித்தவர் என்று யார் சொல்வது? அவருக்கு நல்ல நேரங்களும் உண்டு. மாத்திரை ஏறிய வேளைகளில் பழைய மித்காலாகவே பேசுவார். முஃப்தி முன்னால் அந்த மாதிரி ஒரு நேரம் அமைந்துவிட்டால் எல்லாம் போயிற்று. தொழுகையில் கையேந்தியபோது அவள் கேட்டதை வெளியில் சொல்ல முடியாது. இத்தனை நாள் அவருக்குப் புத்தி தெளியட்டும் என்று கேட்டவள், அன்று, நாளைக்கு ஒரு பொழுது தெளியாமல் இருக்கட்டும் என்று கேட்டாள்.

மித்கால் சலவை அங்கி கேட்டார். சிவப்புக் கட்டம் போட்ட தலைத்துணியை மடிப்புக் கலையாமல் போடச் சொன்னார். நாயிஃப் சவரம் செய்துவிட்டான். நாயிஃபின் காரில் அவர் முன்னால் உட்கார, வத்ஹா ஹாயிலின் வண்டியில் பின்னால் வந்தாள்.

முஃப்தி சின்ன வயதுக்காரர், நாயிஃபைவிட இளையவர். எழுந்து வந்து மித்காலின் கையைப் பிடித்து உட்காரவைத்தார். வத்ஹாவுக்குச் சுவரோரம் தனி நாற்காலி.

"மாமா, ஒடம்பு எப்படி இருக்கு?"

"அல்லாஹ் குடுத்தபடி."

"இன்னிக்கு என்ன கெழம?"

"திங்கள். நீங்க சின்னப் பையனா இருக்கச்சே என் பஸ்ஸுல வந்திருப்பீங்க. உங்க அப்பா பேரு மர்ஸூக்தானே? கத்ரானா நிறுத்தத்துல டீ குடிக்காம ஏறமாட்டாரு."

முஃப்திக்கு வாயெல்லாம் பல். ஹாயில் தங்கையை ஓரக்கண்ணால் பார்த்தான். வத்ஹா அவனைப் பார்க்கவில்லை. இப்படி அவர் பேசி எத்தனை நாளாயிற்று! இன்றைக்குத்தானா வரவேண்டும்?

"தலாக் சொன்னீங்களா, மாமா?"

"சொன்னேன்."

"கோவத்துல, என்ன பேசறோம்னு தெரியாம?"

"கோவமே இல்ல. தெரிஞ்சுதான் சொன்னேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். அறையில் இருந்தவர்கள் எல்லாரும் முன்னால் குனிந்து கேட்டார்கள். "ரெண்டு போயி ஒண்ணு மிச்சம், ஷேக். முப்பது வருஷம் பல்லக் கடிச்சிட்டு அதக் காப்பாத்தினேன். அதைப் போய் யோசிக்காம செலவு பண்ணுவேனா?"

வத்ஹா கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்தது என்று நினைத்தாள். முஃப்தியும் அவளை ஒருமுறை வருத்தத்தோடு பார்த்தார்.

"காரணம் என்ன, மாமா? அந்த காஸ் பையனா?"

"ச்சே, ஸுஹ்தி கொழந்த. அவன்மேல நான் சொன்னது தப்பு, மன்னிப்புக் கேக்கணும். இது வேற ஆளு."

"எந்த ஆளு?"

"வீட்டுலயே இருக்கான்ல, அவன். காருல நாயிஃபுக்குப் பின்னாலதான் ஒக்காந்து வந்தான். இப்பக்கூட உங்களுக்குப் பின்னால நிக்கிறான் பாருங்க. கம்பளத்து மேல செருப்போட. சொல்லிப் பாத்துட்டேன், கழட்டமாட்டேங்கிறான்."

ஹாயில் திரும்பிப் பார்த்தான். நாயிஃப் தலையைக் குனிந்துகொண்டான். முஃப்தி திரும்பவில்லை, அது அவர் பெருந்தன்மை.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றாள் வத்ஹா.

அவளை அறியாமல் வாயிலிருந்து விழுந்துவிட்டது. உரக்கவே விழுந்தது. மித்கால் கழுத்தை மெல்ல, உடம்போடு சேர்த்துத் திருப்பி அவளைப் பார்த்தார். முகத்தில்தான் எதுவும் தெரியாதே. கண்ணில் தெரிந்தது. தான் சொன்ன எதைக் கேட்டு இவள் இவ்வளவு சந்தோஷப்படுகிறாள் என்று அந்தக் கண்கள் தேடின. கண்டுபிடித்தும் விட்டன. வத்ஹாவுக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

முஃப்தி டாக்டரம்மாவோடு போனில் பேசினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "இந்தத் தலாக் விழலைம்மா. நீங்க அவரோட மனைவிதான். வீட்டுக்குப் போங்க. இனிமே இந்த வியாதியில இவர் எத்தன தடவ சொன்னாலும் அது விழாது. பயப்படாதீங்க."

"நான் சொன்னது?" என்றார் மித்கால்.

"அதுக்குக் கணக்கு இல்ல, மாமா."

"என் வார்த்தைக்கா?"

முஃப்தி அவர் தோளில் கைவைத்தார். நாயிஃப் அப்பாவைத் தூக்கி நிறுத்தினான்.

திரும்பும்போது வத்ஹா பின்சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். தோளோடு தோள் பட்டது. உரிமையாகப் பட்டது. மாத்திரை நேரமாகிவிட்டது. பையிலிருந்து டாக்டரம்மா சொன்னபடி பாதியாக உடைத்த மாத்திரையை எடுத்தாள். அவர் உதடு அசைந்தது. வழக்கம்போல் காதைப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"வத்ஹா. நீ தலாக்."

"சரி. வாயத் தொறங்க."

தன் பதிலைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள். முப்பது வருடம் வீட்டின் மூலையில் இருந்து பயமுறுத்திய சொல், இப்போது கதவைச் சாத்து என்பதுபோல் காதில் விழுந்தது. பயம் வருமா என்று ஒரு நொடி காத்துப் பார்த்தாள். வரவில்லை. ஜெயித்துவிட்டு வருகிறவள் அப்போது அழத் தொடங்கினாள். அவர் பிள்ளைபோல் வாயைத் திறந்து மாத்திரையை வாங்கிக்கொண்டார். தண்ணீர் மோவாயில் வழிந்தது.

"நான் சொன்னது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"அப்புறம் ஏன் இங்க ஒக்காந்திருக்க?"

அவள் முக்காட்டின் நுனியால் அவர் மோவாயைத் துடைத்தாள்.